அறுபது நாள் கெடு

பிறந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறது. பால் குடிக்கிறது, தூங்குகிறது, எடை ஏறுகிறது. கண்ணில் மட்டும் மஞ்சள் போகவில்லை. “காலை இளவெயில்ல காட்டும்மா, தானா இறங்கிடும்” என்கிறார் பாட்டி. பக்கத்து வீட்டுக்காரர் கீழாநெல்லியை அரைத்துத் தாய்க்குக் கொடுக்கச் சொல்கிறார். இன்னொருவர் மந்திரிக்க ஆள் சொல்கிறார். மருத்துவமனைக்கே போனாலும் “தாய்ப்பாலால வர்ற மஞ்சள்தான், பயப்படாதீங்க” என்ற பதில் கிடைப்பதுண்டு.

இவர்களில் யாரும் விவரம் இல்லாதவர்கள் அல்ல. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் பாதிக்கு மேல் முதல் வாரத்தில் மஞ்சள் பூக்கும், பிறகு போய்விடும். தாய்ப்பாலால் வரும் மஞ்சள் சில வாரம் நீடித்தாலும் தீங்கு செய்யாது. ஆகவே “தானாகச் சரியாகிவிடும்” என்ற வாக்கு ஆயிரக்கணக்கான வீடுகளில் பலித்துக்கொண்டே இருக்கிறது. பலித்துப் பலித்தே அதற்கு ஒரு நம்பகம் வந்துவிட்டது. அது பலிக்காமல் போகும் ஒரு குழந்தையைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

அந்தக் குழந்தைக்கு இருப்பது பித்தநாள அடைப்பு. மருத்துவர்கள் பிலியரி அட்ரீசியா என்பார்கள். கல்லீரல் சுரக்கும் பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் குழாய், பிறந்த சில வாரங்களுக்குள் அழன்று, சுருங்கி, துளையில்லாத வெறும் நாராகிவிடுகிறது. வெளியேற வழியில்லாத பித்தம் கல்லீரலுக்குள்ளேயே தேங்கி அதைக் கெடுக்கிறது. தழும்பின் மேல் தழும்பு விழுகிறது. குடிகாரர்களுக்குத்தான் வரும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் சிரோசிஸ், பால் மறவாத பிள்ளைக்கு வந்துவிடுகிறது. சிகிச்சை இல்லாவிட்டால் இப்படிப்பட்ட குழந்தை இரண்டு வயதைத் தாண்டுவது அரிது.

ஐரோப்பாவில் 15,000 முதல் 20,000 பிறப்புக்கு ஒன்று என்று கணக்கு. ஜப்பானில் ஏறத்தாழ 10,000-க்கு ஒன்று. தைவானில் அதைவிடக் கூடுதல். அரிய நோய்தான். ஆனால் உலகெங்கும் குழந்தைகளுக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்ய நேரும் காரணங்களில் முதலிடம் இதற்கே.

இதற்கு ஆபரேஷன் உண்டு. ஆனால் நாள் கணக்கு முக்கியம். பிறந்து 60 நாளுக்குள், முடிந்தால் 45 நாளுக்குள் செய்துவிட வேண்டும். 90 நாள் தாண்டினால் பலன் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. வெயிலில் காட்டுவதும் பத்தியம் இருப்பதும் “இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம்” என்பதும் நடப்பது சரியாக இந்த 60 நாளுக்குள்தான்.

துணியைப் பாருங்கள், தோலை அல்ல

இந்த நோயில் தோலின் மஞ்சள் ஏமாற்றும். முதல் வாரத்தில் வரும் சாதாரண மஞ்சளில் குழந்தை பளிச்சென்று மஞ்சளாகத் தெரியும். பித்தநாள அடைப்பில், மஞ்சளுக்குக் காரணமான பிலிரூபின் என்ற நிறமியின் அளவு அதைவிடக் குறைவாகவே இருக்கலாம். “முன்னைக்கு இப்ப மஞ்சள் குறைஞ்சிருக்கு” என்று வீட்டில் திருப்திப்பட்டுக்கொள்ளும்படிகூட இருக்கும். எடையும் முதலில் ஏறத்தான் செய்யும். மெலிந்து, வயிறு உப்பி, நோயாளி மாதிரித் தெரிய ஆரம்பிக்கும்போது மாதங்கள் ஓடியிருக்கும்.

ஏமாற்றாதது மலத்தின் நிறம். மலத்துக்கு நிறம் தருவதே பித்தம்தான். பிறந்த குழந்தை முதலில் கரும்பச்சையாகப் போகும், பிறகு கடுகு மஞ்சளுக்கு மாறும். பச்சை கலந்தும் போகலாம். இவை எல்லாம் சரியான நிறங்களே. வெள்ளையாக, சுண்ணாம்பு போல, சாம்பல் பூத்து, வெளிறிய களிமண் நிறத்தில் போனால் பித்தம் குடலுக்கு வரவில்லை என்று பொருள். சில குழந்தைகளுக்கு முதல் இரண்டு மூன்று வாரம் மஞ்சளாகப் போய்விட்டு அப்புறம்தான் வெளிறும். எனவே பிறந்தபோது சரியாக இருந்தது என்பது சமாதானம் ஆகாது. மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் எல்லாமே மஞ்சளாகத் தெரியும். பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

அடுத்தது சிறுநீர். பச்சிளங்குழந்தையின் சிறுநீருக்கு நிறமே இருக்காது. துணியில் கறை படியாது. மஞ்சள் கறை படிகிறது என்றால் ரத்தத்தில் ஏறியிருப்பது வேறு வகைப் பிலிரூபின். நம் வீடுகளில் துணி அலசுகிறவர் பெரும்பாலும் பாட்டியோ அத்தையோதான். இந்த நோயை முதலில் கண்டுபிடிக்கக்கூடிய இடத்தில் இருப்பவரும் அவரே. என்ன பார்க்க வேண்டும் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான். இப்போது டயப்பர் வந்து, பார்க்காமலே சுருட்டிப் போடும் பழக்கமும் சேர்ந்துகொண்டது.

மூன்றாவது, ஒரு ரத்தப் பரிசோதனை. பிலிரூபின் என்று எழுதிக் கொடுத்தால் லேப் அறிக்கையில் இரண்டு எண் வரும்: மொத்த அளவு, அதற்குள் டைரக்ட் (துணியில் கறை படியவைக்கும் அந்த வேறு வகை) அளவு. வீட்டாரும் சில சமயம் மருத்துவரும் மொத்த அளவை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது இரண்டாவது எண். சாதாரண மஞ்சளில் டைரக்ட் மிகச் சொற்பமாக இருக்கும். அது டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டினால், அல்லது மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போனால், கல்லீரலிலோ பித்தக்குழாயிலோ ஏதோ கோளாறு. இந்த வகை மஞ்சளை வெயிலும் இறக்காது, மருத்துவமனையின் நீல விளக்கும் இறக்காது. பரிசோதனைக்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகாத எந்தக் குழந்தைக்கும் இதைச் செய்துவிட வேண்டும் என்பது உலகெங்கும் குழந்தை மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட விதி.

டைரக்ட் பிலிரூபின் கூடியதெல்லாம் பித்தநாள அடைப்பு அல்ல. கிருமித்தொற்று, தைராய்டு குறைவு, பாலிலுள்ள சர்க்கரை ஒன்றைச் செரிக்க முடியாத காலக்டோசீமியா, மரபணுக் கோளாறுகள் எனப் பட்டியல் நீளும். காலக்டோசீமியாவுக்குப் பாலை நிறுத்த வேண்டும். தொற்றுக்கு மருந்து போதும். பித்தநாள அடைப்புக்குக் கத்தி வைக்க வேண்டும். பிரித்தறிய ஸ்கேன், கல்லீரலிலிருந்து ஊசியால் சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சி என்று வழிகள் உண்டு. வெறும் வயிற்றில் ஸ்கேன் எடுக்கும்போது பித்தப்பை சுருங்கிக் கிடந்தாலோ இல்லாமலே இருந்தாலோ சந்தேகம் பலப்படும். ஹைடா என்ற அணு ஸ்கேனும் உண்டு. அதற்கு முன்னேற்பாடாகச் சில நாள் மருந்து கொடுக்க வேண்டியிருப்பதால், நாள் நெருக்கும்போது பல மையங்கள் அதைத் தவிர்த்துவிடுகின்றன. இறுதித் தீர்ப்பு ஆபரேஷன் மேசையில்தான். பித்தப்பைக்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்து, குழாய் திறந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டே அறுவை மருத்துவர் மேலே போவார்.

ஏன் வருகிறது? விஞ்ஞானத்திடம் முழு விடை இல்லை. கிருமி, நச்சு, எதிர்ப்பு சக்தியின் தடுமாற்றம் என்று பல சந்தேகங்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1964, 1988, 2007 ஆகிய ஆண்டுகளில் ஆட்டுக்குட்டிகள் கூட்டமாக இதே போன்ற கோளாறோடு பிறந்தன. வறட்சியில் நீர்த்தேக்கம் வற்றி வெளிப்பட்ட நிலத்தில் முளைத்த ஒரு களைச்செடியைச் சினையாடுகள் மேய்ந்திருந்தன. அந்தச் செடியிலிருந்து பிரித்தெடுத்த நச்சுக்குப் பிலியாட்ரசோன் என்று பெயரிட்டு, பென்சில்வேனியா பல்கலைக்கழகம் சார்ந்த ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்டார்கள். மனிதர்கள் அந்தச் செடியைத் தின்பதில்லை. ஆனாலும் கர்ப்பத்தின்போதே பித்தக்குழாய் காயப்படலாம் என்பதற்கு அது ஒரு தடயம். ஒன்று மட்டும் உறுதி: இது வழிவழியாக வரும் நோய் அல்ல. ஒரே கரு இரண்டான இரட்டையரில்கூடப் பெரும்பாலும் ஒரு குழந்தைக்கு வருகிறது, மற்றதற்கு வருவதில்லை. தாய் என்ன சாப்பிட்டாள், கிரகணத்தில் வெளியே வந்தாளா என்ற விசாரணைகளுக்கு இதில் இடமே இல்லை.

செண்டாயில் நடந்தது

எடின்பரோவைச் சேர்ந்த ஜான் தாம்சன் 1890-களின் தொடக்கத்திலேயே இந்த நோயை விரிவாக எழுதிவிட்டார். பாஸ்டனில் குழந்தை அறுவை சிகிச்சைக்கு அடித்தளம் போட்ட வில்லியம் லாட், கல்லீரலுக்கு வெளியே கொஞ்சம் நல்ல குழாய் மிச்சமிருந்த குழந்தைகளை 1920-களில் காப்பாற்றினார். அப்படி மிச்சமிருப்பது சிறுபான்மையே. மற்றவர்களுக்கு வயிற்றைத் திறந்து பார்ப்பார்கள், இணைக்க ஒன்றும் இல்லை என்று மூடுவார்கள். திருத்த முடியாதவை என்று ஒரு வகையே பாடப்புத்தகங்களில் இருந்தது.

ஜப்பானின் செண்டாய் நகரத்துத் தொஹோகு பல்கலைக்கழகத்தில் மொரியோ கசாய் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். 1922-இல் பிறந்தவர். 1955-இல், பிறந்து 72 நாளான ஒரு குழந்தைக்கு அவர் ஆபரேஷன் செய்தார். கல்லீரலின் வாசலில் நாராகிக் கிடந்ததை அறுத்தபோது ரத்தம் கசிந்தது. அதை அடக்கக் குடலை இழுத்து அந்த இடத்தின் மேல் வைத்தார் என்று சொல்வார்கள். குழந்தை பிழைக்கும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. சில நாளில் மலத்தில் மஞ்சள் தெரிந்தது.

எங்கிருந்து வந்தது பித்தம்? வற்றிய ஆற்றில் மணலைத் தோண்டினால் ஊற்று கசிவது போலத்தான். பெரிய குழாய் அழிந்துவிட்டாலும், கல்லீரலின் வாசலில் நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் மெல்லிய குழல்கள் சில வாரங்கள் உயிரோடு இருக்கின்றன. நாரைச் சரியான ஆழத்தில் சீவி எடுத்தால் அவை திறந்துகொண்டு பித்தத்தைக் கசிய விடுகின்றன. கசிவதைப் பிடித்துக்கொள்ளக் குடலின் ஒரு துண்டைக் கொண்டுபோய் அங்கே தைத்துவிட வேண்டும். இன்று ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நீளச் சிறுகுடலை அதற்காக ஒதுக்குகிறார்கள். நாள் தள்ளினால் ஏன் பலிக்காது என்பதும் இதிலேயே விளங்கும்: அந்த நுண்குழல்களும் ஒவ்வொன்றாகத் தூர்ந்துவிடும். ஆழமும் முக்கியம். மேலோட்டமாகச் சீவினால் குழல்கள் திறக்காது. அதிகம் போனால் கல்லீரலில் காயம்பட்டு அந்த இடமே தழும்பாகிவிடும்.

கசாய் இதை 1959-இல் ஜப்பானிய மொழியில் எழுதினார். ஆங்கிலத்தில் விரிவாக வந்தது 1968-இல். அப்போதும் மேற்கே பலர் நம்பவில்லை. குழாயே இல்லாத இடத்தில் குடலைத் தைத்தால் பித்தம் வரும் என்பதை அவர்களால் ஏற்க முடியவில்லை. நேரில் போய்க் கற்றுக்கொண்டு வந்த சிலர் வழியாகத்தான் 1970-களில் அது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவியது. ஜப்பானிய மொழியில் எழுதியதால் எத்தனை ஆண்டு வீணாயிற்று என்று கணக்குப் பார்த்தால் கசப்பாகத்தான் இருக்கிறது. கசாய் பெரிய மலையேறியும்கூட. திபெத்தின் நியென்சென் தங்லா சிகரத்தை 1986-இல் முதன்முதலில் எட்டிய தொஹோகு பல்கலைக்கழகக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அவர். 2008-இல் காலமானார்.

கசாய் ஆபரேஷன் மந்திரம் அல்ல. அனுபவமுள்ள மையங்களில், வேளையோடு செய்தால், பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு மஞ்சள் இறங்குகிறது. அதற்குப் பிறகும் பித்தக்குழாயில் தொற்று வரும் அபாயம் உண்டு. ஆபரேஷன் ஆன குழந்தைக்கு வரும் காய்ச்சலைச் சாதாரணக் காய்ச்சலாக நினைத்து இரண்டு நாள் தள்ளக் கூடாது. பித்தம் குறைவாக வருவதால் கொழுப்பு செரிக்காது. கொழுப்போடு சேர்ந்து உடலில் ஏற வேண்டிய ஏ, டி, ஈ, கே வைட்டமின்களைத் தனியாகக் கொடுக்க வேண்டும். கே குறைந்தால் மூளையில்கூட ரத்தம் கசியலாம். சில குழந்தைகள் முதன்முதலில் மருத்துவமனைக்கு வருவதே அப்படித்தான். பித்தமில்லாமலும் செரிக்கும் கொழுப்பு தேங்காய் எண்ணெயில் இருப்பதால் நம் ஊர் மருத்துவர்கள் அதை உணவில் சேர்க்கச் சொல்வது வழக்கம். இத்தனையும் கடந்து, சொந்தக் கல்லீரலோடு பெரியவர்களாக வளர்பவர்கள் நான்கில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை. சில மையங்களில் அதற்கு மேலும்.

மற்றவர்களுக்குக் கல்லீரல் மாற்று. அமெரிக்காவின் டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்சல் 1963 மார்ச்சில் உலகின் முதல் மனிதக் கல்லீரல் மாற்றைச் செய்து பார்த்ததே இந்த நோய் கண்ட மூன்று வயதுப் பையனுக்குத்தான். ரத்தப்போக்கு நிற்காமல் அவன் மேசையிலேயே இறந்தான். 1989-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ரஸல் ஸ்ட்ராங், ஒரு ஜப்பானியத் தாயின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்து அவருடைய மகனுக்குப் பொருத்தினார். உயிரோடு இருப்பவர் தானம் கொடுத்து வெற்றி பெற்ற முதல் ஆபரேஷன் அது. அந்தப் பையனுக்கும் இதே நோய்.

இந்தியாவின் கதையும் இதே நோயில்தான் தொடங்குகிறது; அதுவும் நம் ஊரிலிருந்து. 1998 நவம்பரில் டெல்லி அப்போலோ மருத்துவமனையில், நாட்டில் வெற்றி கண்ட முதல் குழந்தைக் கல்லீரல் மாற்று நடந்தது. பித்தநாள அடைப்போடு காஞ்சிபுரத்திலிருந்து போன 20 மாதக் குழந்தைக்குத் தந்தை தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தார். அந்தக் குழந்தை வளர்ந்து மருத்துவராகிவிட்டார். இன்று தமிழகத்தில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலேயே கல்லீரல் மாற்றுக்கு வழி இருக்கிறது. ஆனால் இரண்டு வயதில் மாற்றுக் கல்லீரல் தேடுவதற்கும், பள்ளி முடிக்கும் வயதுவரை அதைத் தள்ளிப்போடுவதற்கும் குடும்பத்துக்கு ஆகும் செலவும் அலைச்சலும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். கசாய் ஆபரேஷன் நிரந்தரத் தீர்வு இல்லையே என்று அலட்சியமாகப் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஒரு அட்டை செய்த வேலை

ஆபரேஷன் கைவந்துவிட்டது; குழந்தைகள் நேரத்துக்கு வந்து சேரவில்லை. இந்தச் சிக்கலை அவிழ்த்தது புதிய இயந்திரம் எதுவும் அல்ல, வண்ணம் அச்சடித்த ஒரு அட்டை. ஜப்பானின் தொச்சிகி மாகாணத்தில் அகிரா மத்சுயி என்ற மருத்துவர் 1994-இல் இதைத் தொடங்கினார். மலத்தின் பல நிறங்களை வரிசையாக அச்சிட்டு, எது நல்லது, எது ஆபத்து என்று குறித்து, பிரசவித்த தாயின் கையில் கொடுத்துவிடுவது. ஒரு மாதத்தில் பரிசோதனைக்கு வரும்போது தாய் எந்த நிறம் என்று குறித்துக் கொண்டுவர வேண்டும்.

தைவான் இதை 2002-இல் சோதித்துப் பார்த்து, 2004-இல் நாடு முழுவதற்கும் கொண்டுவந்தது. ஒவ்வொரு குழந்தையின் நலக் கையேட்டிலும் அந்த அட்டை ஒட்டியிருக்கும். ஆபத்தான நிறம் தெரிந்தால் தகவல் சொல்ல எண்ணும் அதிலேயே இருக்கும். 60 நாளுக்குள் ஆபரேஷன் ஆகும் குழந்தைகளின் விகிதம் ஏறியது. ஐந்து ஆண்டு உயிர்வாழும் குழந்தைகள் பாதிக்குச் சற்று மேல் என்ற நிலையிலிருந்து பத்தில் ஒன்பது என்ற அளவை நெருங்கினார்கள். ஜப்பான் 2012-இல் தன் தாய் சேய் நலக் கையேட்டில் அட்டையைச் சேர்த்தது.

டெக்சாஸ் மருத்துவமனைகள் வேறு வழியில் போயின: பிறந்த ஓரிரு நாளிலேயே எல்லாக் குழந்தைக்கும் டைரக்ட் பிலிரூபின் பார்ப்பது, கூடியிருந்தால் இரண்டு வாரத்தில் மறுபடி பார்ப்பது. அதைப் பற்றி 2020-இல் வெளியான ஆய்வில், ஆபரேஷன் செய்யும் சராசரி வயது 56 நாளிலிருந்து 36 நாளுக்கு இறங்கியிருந்தது. இங்கிலாந்து இன்னொன்றைச் செய்தது. எங்கெங்கோ சிதறி நடந்த கசாய் ஆபரேஷன்களை 1999 முதல் லண்டன், பர்மிங்ஹாம், லீட்ஸ் என்று மூன்றே இடங்களுக்குள் கொண்டுவந்தது. அரிய நோய்க்கு இதுதான் சரியான வழி என்று எனக்குத் தோன்றுகிறது. எவ்வளவு கெட்டிக்காரர் ஆனாலும், வருடத்துக்கு ஒன்று செய்பவரின் கைப்பழக்கமும் மாதந்தோறும் செய்பவரின் கைப்பழக்கமும் ஒன்றாகாது. உறவினர் ஊரில் பெரிய மருத்துவமனை இருக்கிறது என்பதற்காக அங்கே போகாமல், இந்த ஆபரேஷனை அடிக்கடி செய்யும் இடம் எது என்று கேட்டுப் போவதே மேல்.

நம்மிடம் இல்லாதது என்ன? ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. பிறந்த குழந்தையை வீட்டுக்கே வந்து 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாள்களில் பார்க்க வேண்டும் என்று தேசியத் திட்டமே இருக்கிறது. கிராமச் சுகாதாரச் செவிலியர் நம் தெருவுக்குப் புதியவரும் அல்ல. எந்தத் தாய் எந்த மருத்துவரைத் தவற விட்டாலும், ஒன்றரை மாதத்தில் போடும் தடுப்பூசியைத் தவற விடுவது குறைவு. அந்த 45-ஆம் நாள், இந்த நோய்க்குக் கிட்டத்தட்டக் கடைசிப் பேருந்து. அன்று ஊசி போடும் நர்சம்மா, “புள்ள என்ன நிறத்துல போகுது?” என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். அந்தக் கேள்வி நம் ஊசி வரிசையில் கேட்கப்படுவதில்லை. பல இந்திய மையங்களின் பதிவுகளில் கசாய் ஆபரேஷன் நடக்கும் சராசரி வயது 60 நாளைத் தாண்டியே இருக்கிறது.

குழந்தைகளின் குறைகளைத் தேடிக் கண்டுபிடிக்க மத்திய அரசு 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டம் 30 கோளாறுகளைப் பட்டியலிடுகிறது. அவற்றில் பிறவிக் குறைகள் என்று 9: பிளவுபட்ட உதடு, வளைந்த பாதம், பிறவி இதயக் கோளாறு, பிறவிக் கண்புரை போன்றவை. அவை எல்லாம் இருக்க வேண்டியவையே. பித்தநாள அடைப்பு அந்த 9-இல் இல்லை. வளைந்த பாதத்தை ஆறு மாதம் கழித்துக் கண்டாலும் சரிசெய்ய முடியும். 60 நாள் கெடு வைத்திருக்கும் நோய்க்குப் பட்டியலில் இடம் இல்லாதது சரியான கணக்காகத் தெரியவில்லை. அதைச் சேர்க்க வேண்டும். தாயின் கைக்குப் போகும் ஒவ்வொரு தடுப்பூசி அட்டையிலும் மல நிறப் படங்கள் இருக்க வேண்டும். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் டைரக்ட் பிலிரூபின் பார்க்க வசதி வேண்டும். இதற்கெல்லாம் ஆகும் செலவு, ஒரு கல்லீரல் மாற்றுக்கு அரசு காப்பீட்டில் கட்டும் தொகையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

அரசு செய்யும்வரை வீட்டில் செய்யக்கூடியது உண்டு. இரண்டு வாரம் தாண்டியும் குழந்தையின் கண்ணில் மஞ்சள் இருந்தால், அல்லது மலம் வெளிறிப் போனால், அல்லது சிறுநீர் துணியில் கறை பிடித்தால், அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் போங்கள். மலம் படிந்த துணியை அலசாமல் கையோடு எடுத்துப் போங்கள். போனில் எடுத்த படத்தைவிட அது நம்பகமானது. “டைரக்ட் பிலிரூபின் எவ்வளவு?” என்று கேளுங்கள். கேட்டதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டாலும் கேளுங்கள்.